படிகம் எந்த விதியையும் மீறவில்லை



"அசாதாரணக் கதிர் ஸ்நெல் விதிக்குக் கட்டுப்படாது." கால்சைட் படிகத்தைப் பற்றி நம் பிள்ளைகள் இன்றும் இப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். எழுதினால் மதிப்பெண் உண்டு. இந்த ஒரு வரியோடு எனக்குத் தீராத சண்டை. உங்களில் பலர் இன்று வகுப்பில் நிற்கிறீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கால்சைட்டில் சாதாரணக் கதிருக்கு ஒளிவிலகல் எண் எந்தத் திசையிலும் 1.658. அசாதாரணக் கதிருக்கு அது அலை செல்லும் திசையைப் பொறுத்து 1.658 முதல் 1.486 வரை மாறும். அந்தந்தத் திசைக்குரிய எண்ணைப் போட்டால் அலைமுகப்பு அதே ஸ்நெல் விதிப்படிதான் திரும்புகிறது. ஆற்றல் மட்டும் அலைமுகப்புக்குச் செங்குத்தாகப் போகாமல் சற்றுச் சாய்ந்து போகிறது. படிகத்தின் இயற்கையான முகத்தில் நேராக விழும் ஒளிக்கு அந்தச் சாய்வு சுமார் 6 டிகிரி. இதில் மீறல் எங்கே இருக்கிறது? அலைக்கும் ஆற்றலுக்கும் சேர்த்து ஒரே கோடு வரைந்தது நாம். பழி மட்டும் படிகத்துக்கு!

"பள்ளிப் பிள்ளைக்கு அந்தக் கோடு போதாதா சார்?" என்பீர்கள். போதாது. ஒளியை லென்ஸால் குவித்துப் படிகத்துக்குள் விடுங்கள், தெரியும். குவிந்து வரும் ஒளி ஒரு கோடல்ல, கூம்பு. பல திசைகளில் வரும் அலைகளின் கட்டு. அசாதாரண ஒளியில் ஒவ்வொரு திசைக்கும் ஓர் எண். அதனால் அது ஒரே புள்ளியில் குவியாமல், ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு கோடுகளாக வெவ்வேறு ஆழத்தில் குவிகிறது. இங்கிலாந்தின் சோர்பி நுண்ணோக்கியில் இதைக் கண்டார். படிகத்தின் வழியே கட்டம் கட்டமாகக் கோடிட்ட கண்ணாடியைப் பார்த்தால், ஒரு திசைக் கோடுகள் தெளியும்போது குறுக்குக் கோடுகள் மங்கும். குழாயை நகர்த்தினால் தலைகீழாகும். 1877இல் ஸ்டோக்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். 'விதிவிலக்கு' என்று சொல்லிக் கையைக் கழுவியிருந்தால் அந்தக் கணக்கு பிறந்திருக்குமா?

இது பழங்கதையும் அல்ல. பச்சை லேசர் பேனாவுக்குள் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை 532 ஆக மாற்றுவது ஒரு படிகம்தான். இத்தகைய படிகங்களில் ஒளியை இறுக்கிக் குவித்தால் செறிவு கூடும். அளவு மீறினால் ஒளி சீக்கிரமே விரிந்துவிடும். சேர்ந்து போகவேண்டிய கற்றைகளும் அந்தச் சாய்வால் சீக்கிரம் பிரிந்துவிடும். எவ்வளவு குவித்தால் நல்லது என்று பாய்டும் கிளைன்மனும் 1968இல் கணக்கிட்டார்கள். 'கட்டுப்படாது' என்று மட்டும் படித்த பிள்ளை அந்தக் கணக்கின் வாசலைக்கூட மிதிக்காது.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஏன் கட்டுப்படாது?" என்று கேட்கும் பிள்ளையை "அது அப்படித்தான்" என்று உட்கார வைக்காதீர்கள். கரும்பலகையில் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு வரையுங்கள்: ஒன்று அலைக்கு, ஒன்று ஆற்றலுக்கு. கூடுதலாக ஆவது ஐந்து நிமிடம்தான்.