கூடாது என்கிறீர்கள், எங்கே கூடும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜார்ஜ்டவுன் கரையோரத்தில் சட்டத்துக்கு உட்பட்டுத் தூண்டில் போட எங்கே இடம் இருக்கிறது? இந்த ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராக அலைந்து ஓய்ந்த பிறகுதான் உங்களுக்கு எழுதுகிறேன். தீவில் குடியிருக்கிறோம். டத்தோ கிராமாட்டிலிருந்து மோட்டாரில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். ஆனால் நின்று மீன் பிடிக்கக் காலடி மண் எது என்று சொல்ல ஆளில்லை.

அண்மையில் ஒரு மாலை. புதிதாகக் கட்டிய நடைபாதை ஒன்றின் ஓரத்தில், கூட்டம் இல்லாத மூலையாகப் பார்த்துத் தூண்டிலை இறக்கியிருந்தேன். சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் வந்து, “அங்கிள், இங்கே கூடாது” என்று மலாயில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விளக்குக் கம்பத்தில் ஒரு பலகை இருந்தது. தூண்டில் படம், அதன்மேல் சிவப்புக் கோடு, அவ்வளவுதான். எந்தத் துணைச் சட்டம், எவ்வளவு அபராதம், தடை எதுவரை, ஒன்றும் அதில் இல்லை. “சரி தம்பி, எங்கே போடலாம்?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் கொட்டிக் கிடந்த கருங்கற்களைக் காட்டினார். அது அவருடைய எல்லைக்கு வெளியே!

அந்தக் கற்களை நீங்கள் பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றும்போது பாதி உயரம்வரை பச்சைப் பாசி வழவழக்கும். அதற்குக் கீழே சிப்பி ஒட்டிய விளிம்பு கத்தியாக நிற்கும். வழுக்கி உட்கார்ந்தால் உள்ளங்கை கிழிந்துபோகும். கம்பி போட்ட சமதளத்தில் நிற்பவனை விரட்டிப் பாசிக்கல்லில் ஏற்றிவிடுவதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

நாங்கள் ஏன் இந்த இடங்களையே சுற்றிச் சுற்றி வருகிறோம் என்று தூண்டில் பிடிக்காதவர்கள் கேட்கலாம். நாங்கள் தேடுவது கொடுவா, இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயரில் சியாக்காப். அது நடுக்கடலில் அலைந்து திரியும் மீன் அல்ல. ஆற்று வாய், பாலத்துக்கால், கல் அணைப்பு, பெரிய வடிகால் முகம், இப்படி ஒரு மறைவில் அசையாமல் நிற்கும். வற்றம் தொடங்கி ஆற்றுத் தண்ணீர் வெளியே இழுக்கும்போது அதோடு அடித்துக்கொண்டு வரும் இறாலையும் குஞ்சு மீனையும் ஒரே வாயில் அள்ளும். அதனால்தான் உயிர் இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கறுப்புப் புள்ளியில் படாமல் முள்ளை மெல்லக் கோத்து, ஓட்டத்தில் நழுவ விடுகிறோம். புள்ளியில் பட்டால் இறால் செத்துவிடும், செத்த இறாலுக்குக் கெளுத்திதான் வரும். இந்த மீனுக்கு வேண்டிய இடமெல்லாம் நகரத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. அந்த விளிம்புதான் வருடா வருடம் கை மாறிக்கொண்டிருக்கிறது.

கர்னி டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் பழைய கல்சுவரில் சாயங்காலமானால் வரிசையாகத் தூண்டில் நிற்கும். தஞ்சோங் தோக்கோங்கில் ஸ்ரீ தஞ்சோங் பினாங் குடியிருப்புத் திட்டத்தின் முதல் கட்டத்துக்காகக் கடலைத் தூர்த்த பிறகு சுவருக்கு முன்னால் சேறு ஏறிற்று. அதன்பின் அந்தக் கரையிலேயே 131 ஏக்கர் அளவுக்குக் கடல் தூர்க்கப்பட்டது. கர்னி பே பூங்கா அங்கே எழுந்தது, அதன் முதல் பகுதி 2024இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. குழந்தைகள் விளையாடுகிறார்கள், முதியவர்கள் நடக்கிறார்கள், நல்லதுதான். தெற்கே சிலிக்கன் தீவு என்னும் செயற்கைத் தீவுக்காக 2023இல் தொடங்கிய தூர்ப்பு 2,300 ஏக்கர். அங்கே வலை போட்டுப் பிழைப்பவர்களின் வயிற்றுப் பாட்டுக்கு முன்னால் என் போன்ற பொழுதுபோக்குத் தூண்டில்காரனின் மனக்குறை சின்னது, அதை மறுக்கவில்லை. ஆனால் பொதுமக்களுக்காக என்று சொல்லி உருவாக்கிய கரையில், தூண்டிலோடு வருபவன் மட்டும் பொதுமக்களில் சேர்த்தியில்லையா?

கவுண்டர்களில் நடந்ததையும் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் மீன் என்றால் மீன்வளத் துறை என்றார்கள். அடுத்த இடத்தில் பூங்கா என்றால் மாநகர் மன்றம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஆறா கடலா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்! அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஆற்று மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம், கடலிலும் முகத்துவாரத்திலும் மீன்பிடிப்பது கூட்டரசின் அதிகாரம். கரையில் நடைபாதையோ பூங்காவோ வந்துவிட்டால் 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் மன்றம் துணைச் சட்டம் போடலாம். சுங்கை பினாங்கு எங்கே ஆறாக முடிந்து எங்கே முகத்துவாரமாகத் தொடங்குகிறது என்று கொடுவாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மூன்று தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து கோடு போட்டால் ஒரு நாளில் முடிகிற வேலை.

இடம் இல்லாதவர்கள் எங்கே போகிறார்கள்? பணம் இருந்தால் கோலாம் பஞ்சிங். வளர்த்துக் கொட்டிய சியாக்காப்பைக் கட்டணம் கட்டிப் பிடிக்கலாம். வண்டி இருந்தால் பேராக். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய லம்பக் குட்டைகளில் அமேசானிலிருந்து வந்த பீகாக் பாஸ் பெருகிக் கிடக்கிறது. உள்ளூர் மீனை விழுங்கும் வந்தேறி அது, பிடிப்பவனுக்குப் புண்ணியம் என்றே சொல்வேன். வேடிக்கை என்னவென்றால், பேராக்கில் தோண்டிய ஈயத்தை உருக்கிய ஆலை நம் டத்தோ கிராமாட் சாலையில்தான் இருந்தது. ஈயம் இங்கே வந்து போயிற்று, குட்டையும் மீனும் அங்கேயே தங்கிவிட்டன. அந்தக் குட்டைகளிலும் பல தனியார் நிலத்தில் இருப்பவை. வேலி தாண்டினால் அத்துமீறல்.

வெல்ட் கீ பக்கம் போகலாமே என்பார்கள். சூ ஜெட்டி போன்றவை ஒரு குலத்தார் பரம்பரையாகக் குடியிருக்கும் மரத்துறைகள். அடுத்தவர் வீட்டு வாசலில் வாளியை வைத்து உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயர் ஈத்தாம் அணையைத் திறந்துவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை, அது குடிநீர்.

ஆனால் சிங்கப்பூர் குடிநீர் ஏரியிலேயே வழி செய்திருக்கிறது. மெக்ரிச்சி, பெடோக், லோயர் செலெத்தார் என்று ஏரி ஏரியாக, இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை தூண்டில் போடலாம் என்று அங்குள்ள பொதுப் பயனீட்டுக் கழகம் வரையறுத்து வெளியிட்டிருக்கிறது. தண்ணீர் கெடாதிருக்கச் செயற்கை இரை மட்டுமே அனுமதி. எல்லைக்கு வெளியே பிடித்தால் 3,000 சிங்கப்பூர் வெள்ளிவரை அபராதம். அந்த அபராதத்தை யாரும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அனுமதி எங்கே என்று முதலில் சொல்லிவிட்டார்கள். நம்மிடம் சிவப்புக் கோடு மட்டும் இருக்கிறது.

எங்கள் பக்கத் தவறுகள் எனக்குத் தெரியும். அறுந்த தங்கூசியைக் கம்பியில் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் பறவையின் கால் மாட்டுகிறது. பிள்ளைகள் ஓடும் பாதையில் தலைக்குமேல் வீசி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கே அடிக்கத் தோன்றும். அதற்கெல்லாம் விதி போடுங்கள். மீனுக்கும் அளவு வையுங்கள். கொடுவா ஆணாகவே வளரத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன், ஆகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். சின்னதையும் விடு, ரொம்பப் பெரியதையும் விடு என்று பலகையில் எழுதினால் நாங்கள் விட்டுவிட்டு வருகிறோம்.

பினாங்கு மாநகர் மன்றத்திடமும் எங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நான் கேட்பது இதுதான். தீவின் கிழக்குக் கரையில் தூண்டிலுக்கு அனுமதி உள்ள இடங்களை, நேரத்தோடும் எல்லையோடும் பட்டியலாக வெளியிடுங்கள். தடை உள்ள ஒவ்வொரு பலகையிலும் துணைச் சட்டத்தின் பெயரையும் அருகில் அனுமதி உள்ள இடத்தையும் எழுதுங்கள். இனி எந்தக் கரைப் பூங்காவுக்கு வரைபடம் போட்டாலும், நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு முனையில் கம்பி, விளக்கு, அறுந்த தங்கூசிக்கென்று ஒரு குப்பைத்தொட்டி வைத்த தூண்டில் மேடை ஒன்றையும் சேருங்கள். வரைபடம் முடிவாகும் முன் தூண்டில்காரர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆழம் எங்கே, ஓட்டம் எங்கே என்று நாங்கள் காசு வாங்காமல் காட்டுவோம்.

பதிலை உங்கள் ஏட்டின் வழியாகவே அளித்தாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு தூண்டில்காரர்,
டத்தோ கிராமாட், பினாங்கு.