பாம்பு சாப்பிட மறுத்தால்?

குழந்தை சாப்பிட அடம் பிடித்தால் தாய் என்ன செய்வாள்? இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டுவாள். காக்காயைக் கூப்பிடுவாள். "பூச்சாண்டி வருகிறான்" என்று பயம் காட்டுவாள். எப்படியோ நாலு வாய் உள்ளே போய்விடும்.

வளர்க்கிற பாம்பு சாப்பிட மறுத்தால் எதைக் காட்டுவது?

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வீடுகளில் இது பெரிய கவலை. நாய், பூனை போல அங்கே பாம்பையும் வளர்க்கிறார்கள். எலியை நீட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் கூட அப்படியே கிடக்கும். வீட்டில் உள்ளவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

அவர்கள் அதிகம் வளர்ப்பது 'பால் பைத்தான்' என்ற சிறிய மலைப்பாம்பு. பெயரில் உள்ள பால், குடிக்கிற பால் அல்ல. பந்து! பயம் வந்தால் தலையை நடுவில் வைத்துக்கொண்டு, உடம்பைப் பந்து போலச் சுருட்டிக்கொள்ளும். அதனால் அந்தப் பெயர். விஷம் கிடையாது. நீளம் 4 அடி, மிஞ்சினால் 5 அடி. கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகள்தான் அதன் சொந்த ஊர். அங்கே எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் குடியிருக்கும்.

பாம்பு பட்டினி கிடப்பதைச் சண்டித்தனம் என்று நினைப்பது தவறு. "எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை" என்று சொல்ல அதற்கு வேறு வழி இல்லை.

சூடு இல்லாவிட்டால் பசி இல்லை

மனிதன் சாப்பிடும் சோற்றில் பெரும் பகுதி, உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. வெயிலும் தரையும் தரும் சூட்டிலேயே அது காலம் தள்ளுகிறது. அதனால்தான் ஒரு எலியைத் தின்றுவிட்டு இரண்டு வாரம் சும்மா கிடக்க முடிகிறது.

ஆனால் தின்ற எலி செரிக்க வேண்டுமே! அதற்கும் வெளிச்சூடுதான் வேண்டும். உடம்பு குளிர்ந்திருந்தால் எலி வயிற்றுக்குள் செரிக்காமல் கிடந்து அழுகிப் போகும். ஆகவே குளிர்ந்த பாம்பு தின்னாது. அதன் பெட்டியில் ஒரு பக்கம் 31, 32 டிகிரி சூடும், மறுபக்கம் 25, 26 டிகிரியும் இருக்க வேண்டும். தனக்கு வேண்டிய இடத்தை அது தேடிக்கொள்ளும்.

அடுத்தது மறைவிடம். புற்றில் வாழ்ந்த உயிரை நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டியில் போட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் தட்டிப் பார்த்தால் அதற்கு எப்படிப் பசி எடுக்கும்? உடம்பு உரசுகிற அளவில் ஒரு சிறு பொந்து வேண்டும். புது வீட்டுக்கு வந்த பாம்பை ஒரு வாரம், பத்து நாள் தொடாமல் விட வேண்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

அந்த நாடுகளில் செத்த எலியை ஐஸ் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். வாங்கி வந்து குளிர் விட்டதும் அப்படியே நீட்டுவார்கள். பாம்பு சீண்டாது. காரணம் இருக்கிறது. பால் பைத்தானின் உதட்டு ஓரத்தில் சிறு குழிகள் உண்டு. எலியின் உடம்புச் சூட்டை அவற்றால்தான் அது அறியும். சூடு இல்லாத எலி அதற்கு எலியே அல்ல! வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, இரவில், நீண்ட இடுக்கியால் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டினால் பல பாம்புகள் பாய்ந்து கவ்வும்.

வாசனையும் முக்கியம். ஆப்பிரிக்கக் காட்டில் பிடித்த பாம்புக்குத் தெரிந்த எலி வேறு. கடை எலி வேறு. அதன் ஊர் எலியின் வாசனையைக் கடை எலி மேல் தடவி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. பாம்பையே தின்னும் ராஜநாகத்திடமும் மிருகக்காட்சி சாலைக்காரர்கள் இந்தத் தந்திரத்தைச் செய்கிறார்கள். எலியின் மேல் பாம்பு வாசனை ஏற்றிக் கொடுக்கிறார்கள்.

காத்திருக்க வேண்டிய காலம்

இவ்வளவு செய்தும் தின்னாத காலமும் உண்டு. தோல் உரிக்கப் போகும் பாம்புக்குக் கண் பால் படர்ந்தது போல மங்கும். அப்போது உணவு வேண்டாம். இணை சேரும் பருவத்தில் ஆண் பாம்பு மாதக் கணக்கில் விரதம் இருக்கும். முட்டை இட்ட பெண் பாம்பு அதைச் சுற்றிப் படுத்து, இரண்டு மாதம் பட்டினியாக அடைகாக்கும். தாய்மை எங்கும் ஒன்றுதான்!

இதைத் தெரிந்துகொள்ளாமல் சிலர் அவசரப்படுகிறார்கள். வாயைப் பிளந்து எலியைத் திணிக்கிறார்கள். வாய் கிழிகிறது. தொண்டை புண்ணாகிறது. மனிதன் கையைக் கண்டாலே பாம்பு மிரள்கிறது. இன்னும் சிலர் உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பசி இல்லாத பாம்பு சும்மா கிடக்கும். எலிக்குப் பசி எடுத்தால் அது பாம்பைக் கடித்துக் குதறும். வேட்டையாட வேண்டியது இரையாகிறது. இது கொடுமை.

செய்ய வேண்டிய வேலை எளிது. வாரம் ஒரு முறை தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை குறையாவிட்டால் பயம் இல்லை. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், வாயைத் திறந்து மூச்சு விட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

பொறுமையாக வளர்த்தால் எவ்வளவு காலம் வாழும்? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர மிருகக்காட்சி சாலைக்கு 1961-ல் ஒரு பால் பைத்தான் வந்து சேர்ந்தது. 2020-ல், 60 வயதைத் தாண்டிய பிறகு, அது முட்டை இட்டது!

பாலும் பையும்

நம் நாட்டில் பாம்புக்குப் பால் வார்க்கும் வழக்கம் உண்டு. பக்தி வேறு, உணவு வேறு. பால் பாம்புக்குச் செரிக்காது. பல நாள் தண்ணீர் இல்லாமல் தவித்த பாம்பு, தாகத்தில் பாலையும் குடிக்கும். அவ்வளவுதான்.

நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு முதலியவற்றை இங்கே வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-ல் செய்த திருத்தப்படி, பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த ஒரு பயணியின் பையில் 47 மலைப்பாம்புகள் உயிருடன் இருந்தன. சென்னை விமான நிலையத்தில் பால் பைத்தான்கள் பல முறை பிடிபட்டிருக்கின்றன.

பிடிபடாமல் வெளியே போகும் குட்டி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். பல மணி நேரம் பைக்குள் மூச்சுத் திணறிக் கிடந்த அந்தக் குட்டி, அங்கே போனதும் பந்தாகச் சுருண்டு கொள்ளும். அதன் முன்னால் எலியை நீட்டிக்கொண்டு, "ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது?" என்று வாங்கியவர் கேட்டுக்கொண்டிருப்பார்.