மூணு மா, ஒரு ஏக்கர், 0 - 40.50... மீதி 60 சென்ட் எங்கே?

கேள்வி: "அப்பா காலத்துக் கிரயப் பத்திரத்தில் 'நஞ்சை ஏக்கர் 1' என்று இருக்கிறது. ஊரில் எல்லோரும் அதை 'மூணு மா வயல்' என்பார்கள். இப்போது எடுத்த பட்டா நகலில் '0 - 40.50' என்று வந்திருக்கிறது. விலை பேச வந்தவர், 'பட்டாவில் நாற்பது சென்ட்தானே இருக்கிறது, அதற்குத்தான் பணம்' என்கிறார். மீதி 60 சென்ட் எங்கே போனது? குத்தாலம் பக்கம் பலருக்கும் இதே குழப்பம்தான். விளக்கம் தேவை."

- குத்தாலம் வட்டத்து வாசகர்

பதில்: 60 சென்ட் எங்கேயும் போகவில்லை, வயலிலேயேதான் இருக்கிறது. பட்டாவில் உள்ள 40.50 என்பது சென்ட் அல்ல, 'ஏர்'. உழுகிற ஏர் இல்லை. இது மெட்ரிக் நில அளவு. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் கொண்ட 100 சதுர மீட்டர் இடம் ஒரு ஏர். 100 ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். பட்டா, சிட்டாவில் பரப்புக்கு மேலே 'ஹெக் - ஏர்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். கோடுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர்.

ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். ஆகவே 40.50 ஏரை 2.47-ஆல் பெருக்கினால் 100 சென்ட், அதாவது சரியாக ஒரு ஏக்கர். பத்திரமும் பட்டாவும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றன. 'நாற்பது சென்ட்' என்ற பேச்சை நம்பி விலை முடித்தால், 60 சென்ட் நிலம் பணம் வாங்காமலே கை மாறிவிடும். கணக்கு தெளிவாகும்வரை முன்பணம் வாங்கக் கூடாது.

மூன்று காலத்து அளவுகள்

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், டெல்டா விவசாயி ஒரே வயலுக்கு மூன்று காலத்து அளவுகளைச் சுமப்பதுதான். வேலி, மா, குழி ஆகியவை சோழர் கல்வெட்டுகளிலேயே வருகிற அளவுகள். தஞ்சை வட்டாரத்தில் 12 அடிக் கோலால் அளந்த 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி.

அதன் பிறகு வெள்ளைக்காரர்கள் 66 அடிச் சங்கிலியோடு வந்தார்கள். அந்தச் சங்கிலியில் 100 கண்ணிகள்; ஒரு கண்ணியின் பெயர் லிங்க். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி.

1956-ல் எடை, அளவுச் சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமக் கணக்குகளும் ஹெக்டேர், ஏர் என்று மாற்றி எழுதப்பட்டன. கணக்கு மாறினாலும் பேச்சு மாறவில்லை. வீட்டில் மா, பத்திரத்தில் ஏக்கர், பட்டாவில் ஏர் என்று மூன்றும் இன்றுவரை கூடவே ஓடுகின்றன.

மூன்றையும் சதுர அடிக்குக் கொண்டுவந்தால் உண்மை தெரியும். மூணு மா என்பது 43,200 சதுர அடி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 40.50 ஏர் என்பது ஏறக்குறைய 43,594 சதுர அடி. மாவுக்கும் ஏக்கருக்கும் 360 சதுர அடிதான் வித்தியாசம். வயலில் அது பெரிதில்லை. ஆனால் அதே இடம் மனையாக விலை போனால், 360 சதுர அடி இரண்டு அறைக்குச் சமம். பாகம் பிரிக்கும்போது ஒருவருக்கு மாக் கணக்கிலும் இன்னொருவருக்கு ஏக்கர் கணக்கிலும் அளந்துவிட்டால் அண்ணன் தம்பிக்குள் வழக்குதான். எல்லோருக்கும் ஒரே அளவில் பிரிப்பதுதான் நல்லது. வெளி மாவட்டங்களில் கோலின் நீளம் மாறும், குழியின் அளவும் மாறும். அங்கே நிலம் வாங்குகிறவர்கள் 'எத்தனை அடிக் கோல்?' என்று முதலில் கேட்க வேண்டும்.

பட்டாவில் வழுக்குகிற இடங்கள்

'1 - 20.00' என்று இருந்தால் ஒரு ஏக்கர் 20 சென்ட் அல்ல. 120 ஏர், அதாவது 2 ஏக்கர் 96 சென்ட். '0 - 04.05' என்பதும் '0 - 40.50' என்பதும் பார்க்க ஒன்றுபோலத் தெரியும். முன்னது 10 சென்ட், பின்னது ஒரு ஏக்கர். கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது நல்லது. புல வரைபடத்திலும் கவனம் வேண்டும். பழைய படங்களில் நீளம் லிங்க் கணக்கில் இருக்கும், புதியவற்றில் மீட்டரில் இருக்கும். ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மீட்டர் மூன்றேகால் அடிக்கும் கொஞ்சம் அதிகம். ஒன்றை மற்றொன்றாக நினைத்தால் வரப்பு பக்கத்து வயலுக்குள் போய்விடும்.

மாற்றிக் கணக்கிட்ட பிறகும் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் சில சென்ட் வித்தியாசம் நின்றால், அது அளவுக் குழப்பம் அல்ல. சாலைக்கோ வாய்க்காலுக்கோ எடுக்கப்பட்டிருக்கலாம், உட்பிரிவில் தவறு நேர்ந்திருக்கலாம். அப்போது கட்டணம் செலுத்தி, நிலத்தை அளந்து காட்டும்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் ஆகியவற்றுக்குப் பதியும்போதும் ரசீதில் உள்ள பரப்பு ஏக்கரா, ஹெக்டேரா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். 0.40 ஹெக்டேர் என்பது 0.40 ஏக்கர் என்று பதிவானால், பாதிக்கும் குறைவான நிலத்துக்குத்தான் காப்பீடு இருக்கும்.

உரத்திலும் இதே கதை

விற்கிறபோது மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். குறுவைக்குக் காவிரி டெல்டாவில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ. இது ஹெக்டேருக்கு. ஏக்கருக்கு 60:20:20 கிலோதான். 150 கிலோ தழைச்சத்தை முழுக்க யூரியாவில் கொடுத்தால் 45 கிலோ மூட்டையில் ஏழேகால் மூட்டை ஆகும். அதே கணக்கில் ஏக்கருக்கு மூன்று மூட்டைக்கும் சற்றுக் குறைவு. அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டால் அதிலேயே 9 கிலோ தழைச்சத்து வந்துவிடும். பிறகு யூரியா இரண்டரை மூட்டை போதும். ஹெக்டேர் அளவை ஏக்கரில் கொட்டினால் பயிர் கரும்பச்சையாகப் பார்க்க அழகாக இருக்கும். பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலை நோய் வரும். கதிர் வந்த பிறகு சாய்ந்தும் போகும்.

மருந்து டப்பாவிலும் அளவு பெரும்பாலும் ஹெக்டேருக்குத்தான் அச்சிட்டிருக்கும். ஹெக்டேருக்கு 500 மில்லி மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்றிருந்தால், ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர். அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 10 மில்லி வீதம் 20 டேங்க்.

தண்ணீர் கட்டுவதிலும் இது உண்டு. நெல்லுக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் இரண்டு அங்குலம். ஐந்து அங்குலம் அல்ல. மேட்டூர் நீர்மட்டம் 120 அடி, திறப்பு இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தி வருகிறது. மழையோ மில்லிமீட்டரில் வருகிறது. ஒரு கன அடி என்பது விநாடிக்கு 28.3 லிட்டர். அது ஒரு நாள் முழுக்கச் சேதாரம் இல்லாமல் பாய்ந்தால் சுமார் 12 ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தலாம். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 40,000 லிட்டர்.

படிக்காதவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் வரும் என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கனடாவில் ஒரு பயணிகள் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பியபோது, கிலோ கணக்கில் போட வேண்டியதை பவுண்டு கணக்கில் போட்டுவிட்டார்கள். தேவையில் பாதிகூட இல்லை. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றுபோக, விமானி எஞ்சின் இல்லாமலே மிதந்து வந்து ஒரு பழைய ஓடுதளத்தில் இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை.

நினைவில் வைக்க

* ஏரை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட். ஹெக்டேரை 2.47-ஆல் பெருக்கினால் ஏக்கர்.
* ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். ஒரு வேலி ஏறக்குறைய 6 ஏக்கர் 61 சென்ட்.
* ஹெக்டேர் பரிந்துரையை இரண்டரையால் வகுத்தால் ஏக்கருக்கான அளவு. ஏழரையால் வகுத்தால் மாவுக்கான அளவு. ஏழரை என்றதும் பயப்பட வேண்டாம், இது காசை மிச்சப்படுத்துகிற ஏழரை. குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ விதை என்றால் ஏக்கருக்கு 24 கிலோ, மாவுக்கு 8 கிலோ.
* துத்தநாக சல்பேட் ஹெக்டேருக்கு 25 கிலோ, ஏக்கருக்கு 10 கிலோ.

குத்தாலம் வாசகர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பட்டா நகல் ஒன்றின் பின்பக்கம் '40.50 ஏர் = 100 சென்ட் = 1 ஏக்கர் = ஏறக்குறைய 3 மா' என்று எழுதி வைத்துக்கொண்டு, விலை பேச வருகிறவர் முன்னால் அதை எடுத்து வைக்க வேண்டும். விவரம் தெரியாமல் சொன்னவராக இருந்தால் திருத்திக்கொள்வார். தெரிந்தே சொன்னவராக இருந்தால் அவருக்கு நிலத்தைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.