‘இயல்பு அளவு’ கட்டத்தில் 0.5

குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கிய காலத்தில், வெறிநாய் கடித்தவர்களைத் தென்னிந்தியாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் மலைக்கு அனுப்பினார்கள். ஊசி பலித்ததா என்பதை ஆள் பிழைத்ததை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. பின்னாளில் வந்த ஆட்டு மூளைத் தடுப்பூசியும், தொப்புளைச் சுற்றிப் போட்ட வரிசையான ஊசிகளும் இன்று வழக்கொழிந்துவிட்டன. குன்னூர் நிலையமும் வீரோ செல் தடுப்பூசிக்கு மாறியது. இன்று தடுப்பூசி உடலில் எழுப்பிய எதிர்ப்பொருளை ஆய்வகத்திலேயே அளந்து, ஓர் எண்ணாகத் தாளில் அச்சிட்டுத் தர முடிகிறது.

சிக்கல் அந்தத் தாளில்தான் இருக்கிறது. சர்க்கரைக்கும் ஹீமோகுளோபினுக்கும் இருப்பதுபோல இந்த எண்ணுக்கு எதிரிலும் ‘இயல்பு அளவு’ என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு என்று எழுதுகிறோம். தடுப்பூசியே போடாத ஆரோக்கியமான மனிதரின் ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்பொருள் இருக்காது. அவருக்கு இல்லாமையே இயல்பு. 0.5 என்பது தடுப்பூசிக்கு உடல் போதுமான அளவு பதில் தந்திருக்கிறது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அடையாளக் கோடு. அதற்கு மேல் இருப்பவரை நோய் தொடாது என்ற உறுதிமொழியாக அதை வாசிக்கக் கூடாது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட மருத்துவமனை ஊழியருக்கு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு என்று பார்க்கும் கோடும் இதே வகைதான். அதையும் கடைசி ஊசிக்குப் பிறகு 1 முதல் 2 மாதத்துக்குள் பார்த்தால்தான் பொருள் உண்டு.

அளக்கும் முறையைச் சொல்லாத எண்ணை நம்பக் கூடாது. ஆர்.எஃப்.எஃப்.ஐ.டி. பரிசோதனையில், நோயாளியின் சீரத்தைப் படிப்படியாக நீர்த்து, உயிருள்ள வைரஸோடு கலந்து, செல்கள் மேல் விடுகிறார்கள். மறுநாள் ஒளிரும் சாயத்தில் எத்தனை இடத்தில் தொற்று தெரிகிறது என்று எண்ணுகிறார்கள். வைரஸைச் செயலிழக்க வைக்கும் திறனை அது காட்டுகிறது. எலைசா காட்டுவது வைரஸ் புரதத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருளை மட்டுமே. இரண்டும் ஒரே மனிதருக்கு வேறுவேறு எண் தரலாம். நீர்த்தல் முறையில் ஒரு படி மேலோ கீழோ போவது சகஜம் என்பதால், 0.4-ஐயும் 0.6-ஐயும் வெவ்வேறு உலகங்களாக நடத்துவதும் தவறு.

மாதிரி எடுத்த நாளும் அதே அளவுக்கு முக்கியம். கடிக்குப் பிறகு இம்யூனோகுளோபுலின் பெற்றவருக்குச் சில நாளில் எதிர்ப்பொருள் அளவை (டைட்டர்) எடுத்தால், வெளியிலிருந்து செலுத்திய எதிர்ப்பொருளும் அதில் சேர்ந்து வரும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிய தடுப்பூசி போடாத நோயாளிக்கு முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தால், அதை வைத்து நோயை விலக்கவே கூடாது. எதிர்ப்பொருள் பெரும்பாலும் தாமதமாகத்தான் தோன்றும்.

வைடல் பரிசோதனையில் இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே படித்திருக்க வேண்டும். டைபாய்டு பரவலாக உள்ள ஊரில் ஆரோக்கியமானவருக்கும் 1:80 வரலாம். ஒரே ஓர் அறிக்கையைப் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. இடைவெளி விட்டு எடுத்த இரண்டு மாதிரிகளில் நான்கு மடங்கு ஏற்றம் தெரிந்தால்தான் அது சான்று.

ரேபிஸ் டைட்டர் உண்மையில் யாருக்குத் தேவை? ஊட்டியில் டபிள்யூ.வி.எஸ். என்ற கால்நடை நல அமைப்பின் மையத்தில் நாய்க் கருத்தடை பயிலும் கால்நடை மருத்துவர்கள், நாய் பிடிப்பவர்கள், வைரஸோடு வேலை செய்யும் ஆய்வகத்தார் போன்றோருக்கு. வைரஸைக் கையாள்வோருக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து ஆபத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, 0.5-க்குக் குறைந்தால் ஊக்க ஊசி போடுவார்கள். எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கும் கடிக்குப் பிந்தைய ஊசிகள் முடிந்து 2 முதல் 4 வாரத்தில் பார்ப்பது நல்லது. முழுத் தவணை முடித்த ஆரோக்கியமான தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை.

மீண்டும் கடிபட்டவரிடம் பழைய அறிக்கையைத் தேடி நேரம் கழிக்கக் கூடாது என்பதே இவ்விதழின் அழுத்தமான கருத்து. எண் 8 ஆனாலும் 0.9 ஆனாலும் செய்வது ஒன்றுதான்: காயத்தைச் சோப்பும் நீருமாக 15 நிமிடம் கழுவி, முன்பு முழுத் தடுப்பூசி பெற்றவருக்கு 0 மற்றும் 3-ஆம் நாளில் ஊசி போட வேண்டும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஆய்வகங்களும் ‘இயல்பு அளவு’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு, பரிசோதனை முறை, கடைசி ஊசியின் தேதி, மாதிரி எடுத்த தேதி ஆகிய மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடத் தொடங்கலாம்.