நோயாளி இருந்த அறை



வாந்திபேதியில் கிடந்தவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், அந்த அறையைக் கழுவிவிட வேண்டுமென்று நம் கைகள் பரபரக்கின்றன. அந்தப் பரபரப்பில்தான் எங்கள் அடுத்த வீட்டு மாமி அகப்பட்டுக் கொண்டார். பேரனுக்குக் குணமான மகிழ்ச்சியில், குளியலறைத் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவினார். கறையும் போகட்டுமே என்று அதன்மேல் ஆசிட்டை ஊற்றினார். கதவோ சாத்தியிருந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, தவழ்ந்தபடிதான் வெளியே வந்தார். இரண்டு நாள் மருத்துவமனை வாசம்.

இவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். 1915-இல் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் ஜெர்மானியப் படையினர் திறந்துவிட்டதும் இதே வாயுதான். அமோனியா கலந்த திரவங்களையும் பிளீச்சுடன் சேர்க்கலாகாது. தவறிக் கலந்துவிட்டால், கழுவ முற்படாமல் உடனே வெளியேறித் தூய காற்றுக்கு வந்துவிடுங்கள்.

முறை எளிதானதே. சன்னல்களைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அப்பால் அனுப்பிவிடுங்கள். கையுறை அணிந்து, முதலில் அழுக்கைச் சோப்பு நீரால் துடைத்தெடுங்கள். அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து பெரும்பாலும் வீணே. பின்னர், 5 சதவீதம் எனக் குறிக்கப்பட்ட பிளீச் திரவத்தில் 20 மில்லி எடுத்து, ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்து துடையுங்கள். பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். அதன்பின் வெறும் நீரால் துடைத்து விடுங்கள். கதவுக் கைப்பிடி, கட்டில் சட்டம், குழாய்த் திருகு ஆகியவற்றையே பலரும் மறக்கின்றனர். மின்விசைப் பொத்தான்களை, மின்சாரத்தை நிறுத்திய பின், நன்கு பிழிந்த துணியால் மட்டும் துடைக்கவும். கலவையை அன்றன்றே தயாரிப்பது நலம். நாள்பட்டால் வீரியம் குறைந்துவிடும்.

மருந்தைப் புகைபோல் அறைக்குள் அடிப்பவர்களும் உண்டு. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பரிந்துரைக்கவில்லை. துணியில் நனைத்துத் துடைக்கவே சொன்னது. சாம்பிராணி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மணத்திற்காகப் போடுங்கள், யார் தடுத்தார்? கிருமியை ஒழிக்க அதை நம்ப இயலாது. இருமல்காரருக்கு அப்புகை தொல்லையும் தரும்.

இன்னொன்று. மிச்சமான பிளீச்சைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது தண்ணீராகவே தெரியும். வாங்கிய புட்டியிலேயே மூடி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.