காப்புறை இல்லாத வாளில் கை வைக்கமாட்டோம்

தோட்டத்தில் ஆபத்தான வேலை எது என்று கேட்டால், குளவி கொட்டுவதையும் சரிவில் வழுக்கி விழுவதையும் மருந்து அடிப்பதையும் நம்மவர்கள் சொல்வார்கள். தொழிற்சாலைக்குள் என்றால் ரோலரையும் டிரையரையும் சொல்வார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் சுழலும் மின்சார வட்ட வாளைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அது எப்போதும் அங்கே இருப்பதால் பழகிப்போய்விட்டது. பழக்கம் அச்சத்தைப் போக்கும், ஆபத்தைப் போக்காது.

நம் தேயிலைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவற்றில் டிரையருக்குச் சூடு கொடுப்பது விறகுதான். சவுக்கு, யூக்கலிப்டஸ், இறப்பர் மரக் கட்டைகள் லொறியில் வந்து இறங்குகின்றன. அடுப்பின் அளவுக்கு அவற்றைத் துண்டு போட்டுத் தருவது இந்த வாள். கொழுந்து கூடும் மாதங்களில் டிரையர் ஓயாது. டிரையர் ஓயாதபோது வாளும் ஓயாது. அளவுக்குக் கூலி என்ற முறை உள்ள இடங்களில் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. மழை, ஈர விறகு, மங்கிய வெளிச்சம், அவசரம் என்று விபத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே கொட்டிலில் இருக்கின்றன.

இந்த வாளின் வேகத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு அடி விட்டமுள்ள வாள் நிமிடத்துக்கு 1,450 தடவை சுற்றினால், அதன் பல் மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. விரல் பட்டது என்று மூளைக்குத் தெரிவதற்கு முன்பே விரல் போய்விடும். "நான் கவனமாக இருப்பேன்" என்ற பேச்சு இந்த வேகத்துக்கு முன் நிற்காது. நிற்கக்கூடியது வாளுக்கும் கைக்கும் நடுவில் இருக்கும் இரும்புக் காப்புறை ஒன்றுதான்.

அந்தக் காப்புறையைத்தான் முதலில் கழற்றி வைக்கிறார்கள். பெரிய கட்டை நுழையவில்லை, வாளைத் தீட்டக் கழற்றியது திரும்பப் பூட்டப்படவில்லை, ஆணி தொலைந்துவிட்டது, காப்புறை இருந்தால் வேலை சுணங்குகிறது என்று காரணங்கள் பல. சில இடங்களில் மேலிருந்து உத்தரவு வருகிறது. சில இடங்களில் மேலே உள்ளவர்கள் பார்த்தும் பார்க்காததுபோலப் போகிறார்கள். சில இடங்களில் நம் தோழர்களே கழற்றுகிறார்கள்.

இங்கே ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டிய சட்ட விடயம் ஒன்று உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு வேலைகொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் தன் பாதுகாப்புக்காகப் பொருத்தப்பட்டது என்று தெரிந்தும் ஒரு சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினார் அல்லது அலட்சியம் செய்தார், அதனால்தான் காயம் ஏற்பட்டது என்று காட்டப்பட்டால், மரணம் தவிர்ந்த காயங்களுக்கு நட்டஈடு மறுக்கப்பட அதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. மது போதையில் இருந்தாலும் அப்படியே. விபத்து நடந்த அன்று மாலை, "காப்புறையைக் கழற்றச் சொன்னது யார்?" என்ற கேள்வி எழும். கழற்றச் சொன்னவர் அப்போது வாய் திறக்கமாட்டார். கழற்றிய கை மட்டும்தான் அகப்படும், அதுவும் விரல் இல்லாமல்.

ஆகவே, காப்புறையை நம் கையால் கழற்றக்கூடாது. கழற்றச் சொன்னால், எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். உடனே தோட்டத் தலைவருக்கு அறிவிக்க வேண்டும்.

இதனால் குற்றத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிவிட முடியாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்பு அமைத்து, அதைச் சரியான நிலையில் பேணுவது தொழிற்சாலையை நடத்துபவரின் கடமை. தொழிற்சாலை வளவுக்குள் ஓடும் விறகு வாள் இதிலிருந்து தப்பாது. விறகு வெட்டும் வேலையை ஒப்பந்தகாரருக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வதால் மட்டும் பொறுப்பு முழுவதும் நீங்கிவிடாது.

பாதுகாப்பான வாள் என்றால் எப்படி இருக்க வேண்டும்? மேற்காப்புறையும், பெல்ட்டையும் கப்பியையும் மூடும் காப்பும் இருக்க வேண்டும். உருண்டைக் கட்டை வெட்டும்போது புரளாமலிருக்கக் கவட்டை வடிவத் தாங்கி வேண்டும். கட்டை புரண்டால் கையையும் சேர்த்து வாளுக்குள் இழுக்கும். நிறுத்தும் பொத்தான் வெட்டுபவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டு மீண்டும் வரும்போது வாள் தானாக ஓடத் தொடங்காத சுவிட்ச் அவசியம். மின்வெட்டு நேரத்தில் சிக்கிய கட்டையை இழுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. மோட்டாருக்கு எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்சும் வேண்டும். தரையில் கிடக்கும் வயரும், பிளாஸ்டிக் நாடா சுற்றிய இணைப்பும் மழைக்காலத்தில் யமன்கள்.

வேலை செய்பவர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. வாளுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கமாக நிற்க வேண்டும். இறுகிய கட்டை பின்னோக்கி எகிறும். கடைசித் துண்டைக் கையால் தள்ளாமல் தள்ளுகோலால் தள்ள வேண்டும். ஆணி, கம்பி, கல் உள்ள கட்டைகளை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். தொங்கும் சட்டைக் கை, இடுப்பில் கட்டிய படங்கு, சால்வை, சேலைத் தலைப்பு எதுவும் வாளுக்கு அருகில் வரக்கூடாது. விறகு அடுக்கும்போது கையுறை நல்லது. சுழலும் வாளுக்கு முன் அதே கையுறை எமன். பல்லில் மாட்டினால் கை முழுவதும் உள்ளே போகும். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்குக் காப்பும் கட்டாயம் வேண்டும். ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

சுவிட்ச்சை நிறுத்திய பின்னும் வாள் சிறிது நேரம் சுழலும். அது முற்றாக நிற்கும்வரை மரத்தூளைத் தள்ளவோ கட்டையை எடுக்கவோ கூடாது. தடியை வைத்து அழுத்தி நிறுத்தவும் கூடாது. தீட்டவோ பல் மாற்றவோ வேண்டுமானால் பிரதான சுவிட்ச்சை நிறுத்திப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே கைவைக்க வேண்டும். வாள் ஓடும்போது, அடுப்புக்குச் சிராய் பொறுக்க வரும் பெண்களும் பிள்ளைகளும் கொட்டிலுக்குள் வராதபடி தடுப்பு இருக்க வேண்டும்.

மலையில் நிழல் மரம் வெட்டவும் கிளை கழிக்கவும் பயன்படும் செயின் சோவையும் இங்கே மறக்க முடியாது. பெற்றோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும் அதன் மூக்குப் பகுதி மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். அதை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேலே உயர்த்தவோ ஏணியில் நின்று வெட்டவோ கூடாது. சங்கிலியைத் தொடுமுன் பற்றரியைக் கழற்ற வேண்டும், வயர் உள்ளதானால் பிளக்கை. மழையில் வயர் போட்ட வாளை எடுக்கவே கூடாது.

ஒரே தொழிலாளி, ஒரே ஆபத்து. ஆனால் தொழிற்சாலை வளவுக்குள் அவருக்குத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. மலையில் செயின் சோ பிடிக்கும்போது அந்தச் சட்டம் அவரைப் பின்தொடர்வதில்லை. 2019இல் நாட்டிலுள்ள செயின் சோக்களைப் பதிவு செய்யும்படி அரசாங்கம் பணித்தது. காட்டைக் காப்பதற்கு அது நல்ல ஏற்பாடுதான். வாளுக்குப் பதிவு கேட்ட அரசாங்கம், அந்த வாளைப் பிடிப்பவருக்குப் பயிற்சி உண்டா என்றும் கேட்டிருக்க வேண்டும்.

எவ்வளவு கவனித்தும் விபத்து நேர்ந்துவிட்டால், முதலில் வாளை நிறுத்துங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து நோயாளியுடன் அனுப்புங்கள். விரலை நேரடியாக ஐஸிலோ தண்ணீரிலோ போடக்கூடாது.

அதன் பிறகு எழுத்து வேலை. தொழிற்சாலையில் காயப்பட்டவர் மூன்று நாட்களுக்கு மேல் தன் வேலையைச் செய்து முழுச் சம்பளம் பெற முடியாமற்போனால், அந்த விபத்தை நிர்வாகம் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று கேளுங்கள். "வீட்டில் விறகு வெட்டும்போது பட்டது" என்று எழுதிய தாளில் ஒருபோதும் கைச்சாத்திட வேண்டாம். காப்புறை இருந்த நிலையைப் படம் எடுத்து வையுங்கள், சாட்சிகளின் பெயர்களைக் குறித்து வையுங்கள். நட்டஈட்டுக் கோரிக்கையைத் தாமதிக்காமல் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழலைத் தொழிலில் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக 2022இல் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் மாநாடு சேர்த்தது. உடனடியான பாரதூர ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பும் விவசாயத் தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகலாம், அதற்காக அவர் பழிவாங்கப்படக்கூடாது என்று அதன் 184ஆம் இலக்கச் சமவாயம் 2001இலேயே சொல்லிவிட்டது. இவற்றின் வழியில் நம் கோரிக்கைகள் இவை:

1. காப்புறையும் அவசர நிறுத்தப் பொத்தானும் இல்லாத எந்த வாளும் ஓடக்கூடாது.
2. பயிற்சி பெற்று, பெயர் எழுதி வைக்கப்பட்டவர் மட்டுமே வாளை இயக்க வேண்டும். பயிற்சி நாளுக்கும் சம்பளம் வேண்டும்.
3. கண்ணாடி, காதுக் காப்பு, பாதுகாப்புச் சப்பாத்து ஆகியவற்றை நிர்வாகம் தன் செலவில் தர வேண்டும்.
4. வாள் வேலைக்கு அளவுக்குக் கூலி முறை கூடாது, நாட்சம்பளம் வேண்டும்.
5. ஆபத்தான இயந்திரத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.
6. தோட்டத்தின் எந்த மூலையில் வேலை செய்தாலும் தொழிலாளியைக் காக்கும் பாதுகாப்புச் சட்டம் வேண்டும்.

தோட்டத் தலைவர்களே, மாதர் தலைவிகளே, இந்தப் பத்திரிகை கையில் கிடைத்த வாரத்திலேயே உங்கள் தொழிற்சாலையின் விறகுக் கொட்டிலுக்குப் போங்கள். காப்புறை இருக்கிறதா, நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா, வயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். குறை இருந்தால் தோட்ட முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். இன்றே எழுதப்படும் அந்தக் கடிதம் ஒரு தோழரின் விரலைக் காப்பாற்றும். விரல் போனபின் வரும் நட்டஈடு எவ்வளவானாலும் அது விரலாகாது.