சுருங்கிய வில்லைகள் சொல்லும் பாடம்

2050-க்குள் அணுமின் உற்பத்தித் திறனை நான்கு மடங்காக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 2025 மே மாதம் உத்தரவிட்டது. புதிய உலைகளுக்கான விண்ணப்பங்களை 18 மாதங்களுக்குள் முடிவு செய்யவேண்டும் என்றும் விதித்தது. வேகம் வேண்டியதுதான். ஆனால் அதே நாட்டில் 1972-ல் நடந்ததை மறந்துவிடலாகாது.

நியூயார்க் மாகாணத்தில், ஒண்டாரியோ ஏரிக்கரையில் உள்ளது ஜின்னா அணுமின் நிலையம். அவ்வாண்டு எரிபொருள் மாற்ற உலையைத் திறந்தார்கள். எரிபொருள் குழாய்கள் சில ஆங்காங்கே நசுங்கிக் கிடந்தன! காரணம் என்ன?

யுரேனியம் டையாக்சைடு பொடியை அழுத்தி, சூளையில் சுட்டு, சிறு வில்லைகளாக்குகிறார்கள். பீங்கான் சுடுவது போலத்தான். துளையே இல்லாத வில்லையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.96 கிராம். சுட்ட வில்லையிலோ நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்கு நுண்துளைகள் இருக்கும். பின்னால் ஏற்படும் வீக்கத்துக்கு இடம் வேண்டுமல்லவா?

அணு பிளக்கும்போது சிதறும் துண்டுகள் மிக நுண்ணிய துளைகளை அழித்துவிடுகின்றன. வில்லை சுருங்குகிறது, அடர்த்தி கூடுகிறது. பிளவுப் பொருள்கள் சேரச் சேர வில்லை வீங்கும் என்பது உண்மையே. ஆனால் சுருக்கம் முந்திக்கொள்கிறது. ஜின்னாவில் வில்லை வரிசையின் நடுவே இடைவெளி விழுந்தது. அங்கே உள்ளே தாங்கலின்றி நின்ற குழாயை, வெளியே இருந்த நீரின் பேரழுத்தம் நசுக்கிவிட்டது.

இதைவிடப் பெரிய கவலை வேறு. வில்லை சுருங்கினால் அதற்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி அகலும். வெப்பம் எளிதில் வெளியேறாமல் வில்லைக்குள் தேங்கும். குளிர்விக்கும் நீர் வெளியேறும் விபத்து நேர்ந்தால், தேங்கிய வெப்பமே குழாய்களுக்கு எமனாகலாம். ஆகவே அமெரிக்க அணுசக்திக் கமிஷன் 1972 நவம்பரில் விரிவான அறிக்கை வெளியிட்டது. பல நிலையங்களின் மின் உற்பத்திக்கு வரம்பு விதிக்கப்பட்டது.

பரிகாரமும் கிடைத்தது. குழாய்களுக்குள் ஹீலியம் வாயுவை அழுத்தி நிரப்பினார்கள். எளிதில் அழியாத, சற்றுப் பெரிய துளைகள் கொண்ட வில்லைகளைச் செய்தார்கள். மாதிரி வில்லைகளை 1,700 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் மீண்டும் சுட்டு, எவ்வளவு சுருங்குகின்றன என்று அளந்தார்கள்.

சூளையிலிருந்து வந்தபோது அந்த வில்லைகளில் குறை எதுவும் தெரியவில்லை. உலைக்குள் போன பிறகே உண்மை வெளிப்பட்டது. புதுப்புது எரிபொருள்கள் வரிசையில் நிற்கும் இக்காலத்தில், உத்தரவால் விண்ணப்பத்தை விரைவுபடுத்தலாம். கதிர்வீச்சில் வில்லை சுருங்கும் விதத்தை உத்தரவால் மாற்ற முடியாது. அதைச் சோதித்தே அறியவேண்டும்.